ஏத்தத்துலயா, எறக்கத்துலயா?

பொள்ளாச்சியில் ஒரு பட்டறைக்கு வால்பாறைப் பக்கமிருந்து ஒரு பழைய மகிந்திரா ஜீப் வந்து நின்றது. கியர் லிவருக்குப் பக்கத்தில் தரையிலிருந்து இரண்டு சின்ன லிவர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றை, சைக்கிள் டியூபை வார் வாராகக் கிழித்து, சீட்டின் இரும்புக் காலோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். லோ கியர் போட்டால் நிற்பதில்லை. ஏதாவது ஒரு வளைவில் டொக்கென்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. அதற்குத்தான் அந்தக் கட்டு.

மெக்கானிக் கட்டை அவிழ்க்கவில்லை, வண்டிக்கு அடியிலும் போகவில்லை. டிரைவரைப் பார்த்துக் கேட்டார்:

"ஏந்தம்பி, ஏத்தத்துல கழண்டுக்குதுங்களா, எறக்கத்துலங்களா?"

"ரெண்டுலயுந்தானுங்கண்ணா. எறக்கத்துல ரொம்ப."

"மிதிச்சுட்டே போறப்பவா, காலை எடுத்தா வருதா?"

டிரைவர் கொஞ்சம் யோசித்தார். "ஏத்தத்துல சும்மா போய்ட்டே இருக்கறப்ப வருதுங்க. எறக்கத்துல காலை எடுத்ததும் வந்துருதுங்க."

மெக்கானிக் தலையசைத்தார். ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் அவருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

*

நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் வரிசையாக நிற்கும் சரக்கு லாரிகளில் இந்தச் சின்ன லிவர் இருக்காது. அவற்றில் எஞ்சினின் விசை கியர்பாக்ஸ் வழியாகப் பின் ஆக்ஸிலுக்கு மட்டும் போகிறது. முன் சக்கரங்கள் வண்டியைத் திருப்பும், இழுக்காது. தார் ரோட்டுக்கு அது போதும். சேற்றிலும் காட்டுப் பாதையிலும் எஸ்டேட் மண் ரோட்டிலும் நான்கு சக்கரமும் இழுத்தால்தான் வண்டி நகரும். அதற்குக் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி வேண்டும். அதுதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். ஒரு வழியாக வரும் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிப்பது அதன் ஒரு வேலை. ஹை, லோ என்று இன்னொரு அடுக்குக் கியர் தருவது இன்னொரு வேலை. ஜபல்பூரில் செய்த ராணுவ சக்திமான் லாரியிலும் அசோக் லேலண்டின் ஸ்டாலியனிலும் இதே ஏற்பாடுதான், அளவு மட்டும் பெரிது.

நம் ஜீப்பில் இருப்பது ஸ்பைசர் 18 என்ற மாதிரியின் வாரிசு. 1941-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் ஜீப்பில் வந்தது அது. போர் முடிந்த சில ஆண்டுகளில் மகிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைக் கோக்கத் தொடங்க, அந்தப் பெட்டியும் கூடவே வந்து நம் மலைகளில் ஊன்றிக்கொண்டது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். திம்பத்துக்கு 27. கொல்லிமலைக்கு 70. இந்தப் பாதைகளில் லோ கியர் என்ன செய்கிறது என்பதற்கு ஒரு பெருக்கல் போதும். வில்லிஸ் சி.ஜே.3பி-யில் முதல் கியர் சுமார் 2.8, டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ 2.46, ஆக்ஸில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. எஞ்சின் 37 சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று வரும். ஏற்றத்தில் இது இழுவிசை. இறக்கத்தில் இதே 37 வண்டியைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தும் கை. இறக்கத்தில் லோ கழன்றால் அந்தக் கை சட்டென்று விட்டுவிடும். பிரேக் டிரம் ஏற்கெனவே சூடாகி இருக்கும் நேரம் அது. அதனால் இதை லிவர் தொந்தரவு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட கோளாறு இது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முதல் கியரில் போட்டு வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டுப் போவது நம் பழக்கம். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் முதல் கியர் போட்டும் பயனில்லை. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. இந்தப் பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க ஷாஃப்டிலேயே இருப்பதால் அது மட்டும் பிடிக்கும். கழலும் வண்டிக்குச் சக்கரத்தடியில் கல் வைக்காமல் இறங்கவே கூடாது.

*

இனிப் பெட்டிக்குள் போவோம். ஸ்பைசர் 18-இல் லோ போடும்போது பின்பக்க ஷாஃப்டின் மேல் உள்ள ஒரு கியர் சக்கரம் அப்படியே நகர்ந்து, நடு ஷாஃப்டில் இருக்கும் சின்னக் கியரோடு பல்லுக்குப் பல் சேர்கிறது. நகர்வதற்காக ஷாஃப்டில் நீளவாக்கில் வரிப் பள்ளங்கள். அவற்றை ஸ்ப்ளைன் என்பார்கள். நகர்த்துவது ஒரு ஃபோர்க், அதாவது கவை. கவை ஒரு ராடில் பூட்டியிருக்கிறது, ராடு லிவரோடு சேர்ந்திருக்கிறது. ராடில் மூன்று குழிகள். ஸ்ப்ரிங் அமுக்கும் ஒரு எஃகுக் குண்டு அந்தந்தக் குழியில் உட்கார்ந்து ஹை, நியூட்ரல், லோ என்று இடம் காட்டும்.

கியர் கழன்றால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது இந்த ஸ்ப்ரிங்கைத்தான். கியரைப் பிடித்து வைத்திருப்பதே ஸ்ப்ரிங்தான் என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஓடும் கியரைப் பிடித்து வைப்பது அது இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். எஞ்சினின் முறுக்கு விசை 150 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் 2.8 மடங்கு, லோவில் 2.46 மடங்கு, மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். நகரும் கியரின் ஆரம் ஆறேழு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பல்லை அழுத்தும் விசை ஒன்றரை டன்னுக்கு மேல் வருகிறது. பல் நேராக, ஷாஃப்டுக்கு இணையாக இருந்தால் இந்த ஒன்றரை டன்னும் சுற்றும் திசையிலேயே தள்ளும்; பக்கவாட்டில் ஒரு கிலோகூடத் தள்ளாது. பல் முனை சாய்வாகத் தேய்ந்துவிட்டால் கதை வேறு. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள பல்லின் ஒரு முனை ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் சாய்வு ஏறக்குறைய 3 டிகிரி. ஒன்றரை டன்னில் 3 டிகிரியின் பங்கு சுமார் 80 கிலோ, அதுவும் கியரை வெளியே தள்ளும் திசையில். குண்டை அமுக்கும் ஸ்ப்ரிங் பத்துக் கிலோ விசை தருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 45 டிகிரி சாய்வுள்ள குழியிலிருந்து ராடை நகர்த்த அதே பத்துக் கிலோ போதும். எண்பதுக்கு முன் பத்து எம்மாத்திரம்?

அப்படியென்றால் லேசாகத் தேய்ந்த எல்லாப் பெட்டிகளும் அந்த நிமிஷமே கழல வேண்டுமே? கழல்வதில்லை. ஸ்ப்ளைனில் இருக்கும் உராய்வு தடுக்கிறது. ஷாஃப்டின் ஆரம் சிறியது, அதனால் ஸ்ப்ளைனை அழுத்தும் விசை பல்லில் உள்ளதைப்போல் மூன்று நான்கு மடங்கு. எண்ணெய் இருந்தும் அதில் பத்தில் ஒரு பங்கு உராய்வாக நின்றால், அதுவே அரை டன். எண்பது கிலோவை அரை டன் சுலபமாகப் பிடித்துவிடும்.

பிறகு எப்படித்தான் கழல்கிறது? எனக்கு இந்தச் சிக்கல் அவிழ்ந்தது ஆட்டு முளையைப் பிடுங்கும்போது. நன்றாக அடித்த முளையை நேராக மேலே இழுத்துப் பாருங்கள், அசையாது. அதன் தலையைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டே இழுத்தால் வெண்ணெயிலிருந்து வருகிற மாதிரி வந்துவிடும். உராய்வு எப்போதும் அசைவுக்கு எதிர்த்திசையில்தான் நிற்கும். முளையைத் திருகும்போது மண்ணின் பிடி முழுவதும் திருகலைத் தடுப்பதிலேயே செலவாகிவிடுகிறது. மேலே இழுப்பதைத் தடுக்க மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை. விரலில் இறுகிய மோதிரத்தைத் திருகிக் கழற்றுவதும் இதேதான்.

டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் முளையைத் திருகுவது யார்? ஆட்டம். பேரிங்கில் ஆட்டம் வந்தால் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சாய்ந்து நிமிர்கிறது. நகரும் கியரும் ஸ்ப்ளைன் மேல் சாய்ந்து நிமிர்கிறது. அந்த அசைவில் உராய்வு செலவாகிவிட, சாய்ந்த பல்லின் எண்பது கிலோ கியரை ஒரு துளி வெளியே நகர்த்துகிறது. ஒரு சுற்றுக்கு 5 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்று ஓடினால், முதல் கியர் லோவில் அந்த ஷாஃப்ட் 290 சுற்று. பத்து மில்லிமீட்டர் கடித்திருக்கும் பல் முழுவதுமாகக் கழல 2,000 சுற்று போதும். ஏழு நிமிஷம்! ஏற்றத்தில் சும்மா போய்க்கொண்டிருக்கும்போதே கழல்கிறது என்று டிரைவர் சொன்னாரே, அது இந்த நடைதான். கியர் துள்ளி வரவில்லை, நடந்து வந்திருக்கிறது. கடைசி ஒரு மில்லிமீட்டரில் கேட்கும் டொக் சத்தம்தான் நம் காதுக்கு எட்டுகிறது.

இப்போது இறக்கம். காலை எடுத்ததும் எஞ்சின் தள்ளுவது நின்று சக்கரங்கள் எஞ்சினைத் தள்ள ஆரம்பிக்கின்றன. பல்லின் ஒரு முகத்திலிருந்து எதிர்முகத்துக்கு விசை மாறுகிறது. மாறும் அந்த ஒரு கணத்தில் பல்லில் விசை பூஜ்யம். ஸ்ப்ளைனில் உராய்வும் பூஜ்யம். அந்தக் கணத்தில் மட்டும்தான் கியர் உண்மையிலேயே ஸ்ப்ரிங்கையும் குண்டையும் நம்பி நிற்கிறது. குண்டின் பிடி வலுவாக இருந்தால் கியர் அந்தக் கணத்தைத் தாண்டிவிடும். ஸ்ப்ரிங் தளர்ந்தோ குழியின் ஓரம் மழுங்கியோ போயிருந்தால், ரோட்டின் ஒரு குலுக்கல் போதும். மெக்கானிக்கின் இரண்டாவது கேள்விக்கு அர்த்தம் இதுதான். மிதித்துக்கொண்டே போகும்போது கழன்றால் ஆட்டத்தையும் பல்லையும் பார். காலை எடுக்கும்போது கழன்றால் குண்டையும் ராடையும் பார். இரண்டிலும் கழன்றால், பழுது நாள்பட்டது.

*

பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் பைசா செலவில்லாமல் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. அவசரக்காரர்கள் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் பெட்டியில் பழுதே இல்லாமல் பெட்டியை இறக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் லிவர். அது பெட்டியோடு பூட்டியது, வெளியே வருவதோ பாடியின் தரையில் உள்ள ஓட்டை வழியாக. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் ரப்பர் மவுண்டிங் அமுங்கிவிட்டால் பெட்டி ஒரு விரல் இறங்கும். எஞ்சின் இழுக்கும்போது பெட்டி முறுகும். அப்போது ஓட்டையின் விளிம்பே லிவரை இடித்துத் தள்ளிவிடும். லோவில் போட்டுவிட்டு, லிவருக்கும் விளிம்புக்கும் நடுவே கை விரல் நுழைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது டயர். முன்னால் புது டயர், பின்னால் மொட்டை டயர் என்று ஓட்டும் வழக்கம் எஸ்டேட் ஜீப்புகளில் அதிகம். நான்கு சக்கரத்திலும் போடும்போது இந்தப் பெட்டி முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. டயரின் சுற்றளவு சுமார் 2.27 மீட்டர். முன்னும் பின்னும் 2 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே, ஒரு கிலோமீட்டருக்கு 440 சுற்றில் கிட்டத்தட்ட 9 மீட்டர் வித்தியாசம் வரும். மண் ரோட்டில் டயர் வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்காது. அந்த முறுக்கு முழுவதும் கியர் பல்லில் போய் உட்காரும். லிவர் கல்லாக இறுகி எடுக்க வராது, அல்லது ஒரு குழியில் சக்கரம் தூக்கியதும் தெறித்துக் கழலும். காற்றைச் சமமாக அடித்து, டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி டேப்பில் அளந்தால் முடிந்தது வேலை. மழையில்லாத தார் ரோட்டில் நான்கு சக்கரத்தையும் பூட்டி ஓட்டக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. கொண்டை ஊசி வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போடுகின்றன. புது டயரானாலும் முறுக்கு ஏறத்தான் செய்யும்.

மூன்றாவது, வண்டிக்கு அடியில் படுத்து, பெட்டியின் பின்பக்கம் ஷாஃப்ட் மாட்டியிருக்கும் யோக்கை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டுவது, பிறகு முன்னும் பின்னும் இழுப்பது. கைக்குத் தெரியும் ஆட்டம் எதுவாக இருந்தாலும் அது அதிகம்.

பொள்ளாச்சி ஜீப்பில் மவுண்டிங் நன்றாக இருந்தது. டயர் வித்தியாசம் சொல்லும்படி இல்லை. யோக் மட்டும் முன்னும் பின்னும் டக் டக்கென்றது.

*

எண்ணெயை ஒரு பழைய தட்டில் இறக்கினார்கள். நிறைத்தால் ஒன்றரை லிட்டர் பிடிக்கும் பெட்டி; வந்தது முக்கால் லிட்டர் இருக்கலாம். வெயிலில் தட்டைச் சாய்த்தபோது எண்ணெய்க்குள் வெள்ளி மை கலந்த மாதிரி மினுமினுப்பு. அது மெல்லிய தேய்மானம். விரலில் தேய்த்தபோது நடுவே செதில் செதிலாகச் சில துணுக்குகள் தட்டுப்பட்டன. பல் முனையிலிருந்து உதிர்ந்தவை அவை.

அடித்தட்டைக் கழற்றியதும் நடு ஷாஃப்டின் கியர் நேராகக் கண்ணுக்குத் தெரிந்தது. பூட்டுத் தகட்டை எடுத்து ஷாஃப்டைத் தட்டி வெளியே எடுத்தார்கள். ஊசி ஊசியாக இருக்கும் நீடில் பேரிங்குகள் ஓடிய இடத்தில் ஷாஃப்டில் ஒரு படி விழுந்திருந்தது. நகத்தை ஓட்டினால் தட்டியது. பின்பக்க ஷாஃப்டில் டயல் கேஜை வைத்து அளந்தபோது முன்பின் ஆட்டம் அரை மில்லிமீட்டரைத் தாண்டியது. அங்கே இருக்க வேண்டியது 0.1-லிருந்து 0.2 மில்லிமீட்டர்தான், செய்தித்தாளின் இரண்டு தாள் கனம். நகரும் கியரின் பற்கள் ஒரு முனையில் மட்டும் பளபளவென்று, பென்சில் சீவிய மாதிரி சரிந்திருந்தன. கவையின் இரண்டு காலிலும் பள்ளம்.

இந்த நான்கையும் தனித்தனிப் பழுதாகப் பார்க்கக் கூடாது. டியூபால் கட்டியதும் அந்தக் கட்டு நாளெல்லாம் கவையைச் சுற்றும் கியரோடு உரசியபடியே அழுத்தி வைத்தது. கவை தேய்ந்தது. தேய்ந்த கவை கியரை முழுவதும் உள்ளே தள்ளவில்லை. பாதி மட்டும் கடித்த பல்லில் முனை மட்டும் விசையை வாங்கியது; முனை சரிந்தது. சரிந்த பல் இன்னும் பலமாக வெளியே தள்ளியது; கட்டை இன்னும் இறுக்கினார்கள். முதல் காரணம் பேரிங்கின் ஆட்டமும் எண்ணெய்க் குறைவும். பிறகு ஒவ்வொரு பழுதும் அடுத்ததைப் பெற்றெடுத்தது. ஸ்ப்ரிங்குக்குப் பின்னால் வாசர் வைத்து இறுக்கும் வேலையும் இதே ரகம். லிவர் கடினமாகும், கழல்வது சில வாரம் நிற்கும், உள்ளே பல் தேய்வது நிற்காது.

தேய்ந்த பல்லை வெல்டிங் வைத்து ராவி எடுக்கலாமே என்று டிரைவர் கேட்டார். நியாயமான கேள்வி, புதுக் கியர் விலை கொஞ்சமில்லை. கியர் பல் முழுக்க ஒரே எஃகு இல்லை என்பதுதான் இதற்குப் பதில். இ.என். 353 போன்ற எஃகில் பல் வெட்டியபின், 900 டிகிரிக்கு மேல் சூட்டில் கரியை மேற்பரப்பில் ஊறவைத்து, எண்ணெயில் குளிரவைக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் மேல்தோல் கண்ணாடி மாதிரி கடினமாகிறது. உள்ளே எஃகு அடியைத் தாங்கும் இளக்கத்தோடு இருக்கிறது. தேங்காய் ஓடும் பருப்பும் மாதிரி. ஒரு மில்லிமீட்டர் தேய்ந்த பல் என்றால் ஓடு போய்விட்டது என்று பொருள். அதன் மேல் வெல்டிங் வைத்தால் பக்கத்தில் மிச்சமிருக்கும் ஓடும் சூட்டில் இளகிவிடும். ராவினால் வடிவம் வரும், கடினம் வராது.

கோவைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 1920-இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவே பஸ் ஓட்டத் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கம் வண்டி ஓட்டுவதும் வண்டியைப் பிரிப்பதும் ஒரே குலத்தொழில் மாதிரி வளர்ந்தது. நூற்பாலை எந்திரங்களும் மோட்டார் பம்புகளும் லேத் வேலையைத் தெருத்தெருவாகக் கொண்டு வந்தன. 1972-இல் சிங்காநல்லூரில் சாந்தி கியர்ஸ் தொடங்கியபின் கியர் வெட்டுவது ஊருக்கே பழகிய வேலையானது. கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு பழைய ஷாஃப்டை மாதிரிக்குக் கொடுத்தால், அதே எஃகில் கடைந்து, கரியூட்டி, கிரைண்டிங் முடித்துக் கொடுக்க ஆள் இருக்கிறது. நகரும் கியர் புதிதாக வாங்கினார்கள். நடு ஷாஃப்டைக் கோவையில் கடைந்தார்கள். அந்தச் சின்னக் கியரில் பல் நன்றாக இருந்ததால் நீடில் பேரிங்கும் பக்கவாட்டு வாசர்களும் மட்டும் புதிது.

கோக்கும்போது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீடில்கள் தனித்தனி ஊசிகள். கிரீஸைத் தடவி வட்டமாக ஒட்டவைத்து, நடுவில் கியர் நீளத்துக்கே வெட்டிய ஒரு போலி ஷாஃப்டைச் செருகிக்கொண்டார்கள். கியரைப் பெட்டிக்குள் தூக்கி வைத்து, ஒரு பக்கமிருந்து அசல் ஷாஃப்டைத் தட்டத் தட்ட, மறுபக்கம் போலி ஷாஃப்ட் வெளியே வந்தது. ஒரு ஊசிகூட விழவில்லை. பின்பக்க மூடியில் ஷிம் தகடுகளை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் போல்ட்டை இறுக்கி, டயல் கேஜைப் பார்த்தார் மெக்கானிக். நான்காவது தடவையில் முள் 0.15-இல் நின்றது. "இது போதுங்க. இன்னும் இறுக்குனா பேரிங்கு வெந்துரும்" என்றார். கவை புதிது, ஸ்ப்ரிங்கும் குண்டும் புதிது. ராடின் குழி ஓரம் கூர்மையாகவே இருந்ததால் பழையதையே போட்டார்.

மூடுவதற்கு முன் பல்லில் நீல மசி தடவிக் கையால் சுற்றினார். மசி பல்லின் அகலம் முழுக்க ஒரே சீராக அழிந்திருந்தது. முன்பு அழிந்திருக்கக் கூடியது முனையில் ஒரு கீற்று மட்டும்.

மறுநாள் காலை ஆழியாறிலிருந்து ஏறினோம். லிவரின் தண்டிலும் தரை ஓட்டையின் விளிம்பிலும் நேருக்கு நேராக சாக்பீஸ் கோடு போட்டிருந்தார் மெக்கானிக். ஏறும்போது மிதித்தும் காலை எடுத்தும் மாற்றி மாற்றி ஓட்டச் சொன்னார், கோடு விலகவில்லை. அட்டகட்டியில் டீ குடித்துவிட்டு லோவில் இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் டிரைவரின் கை தானாக லிவரை நோக்கிப் போய், தொடாமல் திரும்பி வந்தது. ஆழியாறில் இறங்கிப் பார்த்தபோதும் இரண்டு கோடும் நேராகவே இருந்தன.

"ஐந்நூறு கிலோமீட்டர் ஓடுனதும் ஒருக்கா கொண்டாங்க தம்பி. எண்ணெய மாத்திரலாம், புதுப் பல்லு கொஞ்சம் பொடி விடும்" என்றார் மெக்கானிக். சீட்டுக் காலில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த டியூபை அப்போதுதான் டிரைவர் அவிழ்த்தார்.